கோல்போஸ்ட் குழி

முப்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய். வட்டியோடு சேர்த்து சுப்பராயலு ராமாமிர்தத்துக்குத் தரவேண்டிய கடன் அது. கட்டாவிட்டால், அடகில் இருக்கிற ரெண்டு சென்ட் வீட்டுமனை போய்விடும்.

"மொத்தத்தையும் தள்ளிடுறேன். ஒரு வேலை செய்யணும்" என்றார் ராமாமிர்தம்.

கடலூரில் அந்தப் பெரிய விளையாட்டுத் திடலை என்ன செய்வது என்று மாநகராட்சியில் ஒரு வருஷமாகக் கூட்டம் போட்டார்கள். பூங்கா என்றார்கள், நீச்சல் குளம் என்றார்கள், கடைசியில் பாதித் திடலில் வணிக வளாகம் என்று முடிவானது. எதிர்ச்சாரியில் வரிசையாகக் கடை கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் ராமாமிர்தத்துக்குத் தூக்கம் போயிற்று.

குறிஞ்சிப்பாடி சூளையில் இடுப்பளவுக்கு ஒரு தாழி செய்யச் சொல்லி, புகை போட்டுக் கறுக்க வைத்திருந்தார்.

"வளாகம் வர்ற பக்கமா இத பொதச்சுடு. அஸ்திவாரம் தோண்டுறப்ப வெளிய வரும். ரெண்டாயிரம் வருஷத்து முதுமக்கள் தாழின்னு திடலுக்கே பூட்டுப் போட்ருவாங்க."

"மாட்டிக்கிட்டா, மாமா?"

"ஒனக்குத் திருட்டுத்தனம் பண்ற மூளை இருக்குன்னு எவன்டா நம்புவான்?"

சுப்பராயலுவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கோல்போஸ்ட் குழி என்று சொல்லிக்கொண்டு பட்டப்பகலில் தோண்டினான். தாழிக்குச் சாக்கைச் சுற்றி, தள்ளுவண்டியில் கொண்டுபோய் இறக்கி, உள்ளே மண்ணை அள்ளிப் போட்டு மூடினான். ஒரு நாள் வேலை மூன்று நாள் இழுத்தது. அந்தக் குறை தெரியாமல் இருக்க, ராமாமிர்தத்தின் கடைவாசல் பள்ளத்தையும் ஓட்டுச் சில்லு கொட்டி நிரவிக் கொடுத்தான்.

"ஒனக்கும் பொறுப்பு வந்துடுச்சு" என்று அவரே மெச்சினார்.

நினைத்தபடியே அஸ்திவாரக் குழியில் தாழி வந்தது. சிதம்பரத்திலிருந்து தொல்லியல் துறை அதிகாரி மாலதியம்மா வந்தார். ஊரே கூடி நிற்க, தாழிக்குள் கையை விட்டுத் துழாவி அவர் வெளியே எடுத்தது, ஒரு ரூபாய் ஷாம்பு கவர்.

உள்ளே மண் அள்ளிப் போட்டவன் என்ற முறையில் சுப்பராயலு தலையைக் குனிந்துகொண்டான்.

"பழங்காலத்து ஓடு ஒண்ணே ஒண்ணு கெடச்சிருந்தாக்கூட இந்த வேலைய நிறுத்தியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு மாலதியம்மா காரில் ஏறினார். மறுநாளே கான்கிரீட் கொட்டினார்கள்.

சாயங்காலம் கடைவாசலில் ராமாமிர்தம் அவனைப் பிடித்துக்கொண்டார்.

"மனைய எழுதிக் குடுத்துடு."

"கவர் என் தப்புதான் மாமா. மூணு நாள் கூலியையாவது கழிச்சுக்குங்க."

"ஒரு குழிக்கு மூணு நாளாடா?"

"குழி ஒரு நாள்தான். நம்ம பானை எறங்கல. கீழ அதே மாதிரி நாலு கெடந்துச்சு, அரதப்பழசு. உள்ள எலும்பும் மணியுமா. ஒரு கும்பிடு போட்டுட்டு, ஒடச்சு அள்ளுறதுக்கே ரெண்டு நாள் ஆயிடுச்சு. அந்தச் சில்லத்தான் ஒங்க வாசல்ல கொட்டி நெரவுனேன்."

ராமாமிர்தம் தன் கால் நிற்கிற இடத்தைக் குனிந்து பார்த்தார். அப்புறம், பூட்டு தன் கடைக்கே வந்துவிடாமல் இருக்க, வாயே திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, முப்பத்தெட்டாயிரத்து நானூறையும் தள்ளுபடி செய்தார்.