பேயாண்டியின் கடைவாய்ப்பல்

"அந்தப் பல்லை எங்க வச்ச, ஆத்தா? குடு, தூரப் போட்டுட்டு வாரேன்!"

காலையில் டாக்டர் பல் பிடுங்கிய இடத்தில் பஞ்சைக் கடித்துக்கொண்டு பதறினார் பேயாண்டி. மகள் அஸ்வினியோ அவருடைய கடைவாய்ப்பல்லைச் சின்னப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, மேலே அவர் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள்.

"தூரப் போடவா? நாளைக்கு லேபுக்குப் போகுதுப்பா."

"என் பல்லு அங்க என்னத்துக்கு?"

அஸ்வினி டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. பல்லாயிரம் வருஷத்துக்கு முன்னால் அழிந்துபோன நீர்யானையின் பல்லைச் சுரண்டி, அந்தத் தூளில் இருக்கும் ரசாயனத்தை வைத்து, அது புல் தின்றதா இலை தின்றதா என்று கண்டுபிடிக்கிற படிப்பு.

"நீர்யானைப் பல்லோட ஒப்பிட்டுப் பார்க்க இந்தக் காலத்து மனுசப் பல்லும் வேணும்ப்பா."

"அப்ப... சுரண்டுனா நான் தின்னதெல்லாம் தெரிஞ்சுருமா?"

"தெரியாம? அம்புட்டு வருஷம் மண்ணுக்குள்ள கெடந்த பல்லே சொல்லுது. உங்க பல்லு சொல்லாதா?"

பேயாண்டி எட்டிக் கவரைப் பிடுங்கப் பார்த்தார். பார்க்க மாட்டாரா பின்னே? நாலு வருஷத்துக்கு முன்னால் மகள் இந்தப் படிப்பில் சேர்ந்த அன்று, அவர் மனைவி சோலையம்மாள் குலசாமி கோயிலில் விழுந்து கும்பிட்டு ஒரு வேண்டுதல் போட்டாள். மகள் பட்டம் வாங்குகிற வரைக்கும் வீட்டில் யாரும் கறி, மீன் தொடுவதில்லை. வாங்கிய மறுநாள் கிடாவெட்டு. அன்றிலிருந்து மதுரை கே.கே. நகரில் அந்த வீட்டு வாசலை ஒரு முட்டைகூடத் தாண்டியதில்லை.

இன்னும் ஆறே மாசத்தில் பட்டம். இந்த நேரத்தில் குட்டு உடைந்தால்? மகளுக்கு ஏதாவது ஒன்று தட்டிப்போனால், சாமி குத்தம் உங்களால்தான் என்று சோலையம்மாள் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாளே!

ஏனென்றால் மனுஷன் நாலு வருஷமாக ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூட வீணாக்கியதில்லை.

"என்ன அங்க சத்தம்?" அடுப்படியிலிருந்து சோலையம்மாள் வந்து நின்றாள்.

அவ்வளவுதான். லேப் மெஷின் சொல்லி இவளுக்குத் தெரிவதைவிட நாமே சொல்லிவிடலாம் என்று பேயாண்டி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"சோலை, என்னைய மன்னிச்சிரு. ஞாயித்துக்கெழம தேங்காய் வாங்கப் போறேன்னு சொல்லிட்டுக் கோரிப்பாளையத்துல பிரியாணி தின்னேன். பென்ஷன் விஷயமாப் போறேன்னது பூராம் சிம்மக்கல்லுல குடல்கொழம்புக்குத்தான். போன வாரம் அயிரை மீனு. அன்னைக்கு வெள்ளிக்கெழமன்னுகூடப் பார்க்கல!"

அஸ்வினி வாயைப் பிளந்தாள். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அய்யோ அப்பா! நாங்க சுரண்டுறது பல்லோட மேல்பூச்சை. அது சின்ன வயசுலயே உருவாகி முடிஞ்சிரும், அப்புறம் மாறாது. நீங்க டவுசர் போட்ட காலத்துல தின்ன கம்பும் சோளமும்தான் அதுல தெரியும். பிரியாணி எந்த மெஷினுக்கும் தெரியாது!"

பேயாண்டிக்குப் போன உயிர் வந்தது. வந்த வேகத்தில் திரும்பவும் போனது. சும்மா இருந்திருந்தால் தப்பித்திருக்கலாமே, நாமாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே! சோலையம்மாள் இருந்த பக்கம் திரும்பவே அவருக்குப் பயமாக இருந்தது.

அவளோ அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. பொத்தென்று தரையில் உட்கார்ந்து, மகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி மகளே! இதை ரெண்டு மாசத்துக்கு முன்னாடி பிடுங்குன என் பல்லை வாங்கிட்டுப் போன அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா? அன்னையிலருந்து பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுக் கோழிக்கொழம்பைத் தொடாம வாயைக் கட்டிக்கிட்டுக் கெடக்கேனேடி!"