ஊசி முனை

துப்பாக்கி பழுதுபார்க்கும் கடைக்காரர் ஓர்வில் அந்தச் சின்னக் கைத்துப்பாக்கியைப் பிரித்து, கவுண்டரில் விரித்திருந்த துணிமேல் ஒவ்வொரு பாகமாக வைத்தார்.

மார்லிஸ் கைகளைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டாள். மே மாதமாகியும் அமெரிக்காவின் விஸ்கான்சினில் கோட்டு தேவைப்பட்டது.

பக்கத்தில் அவள் கணவன் லைல் குறைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லையாம். அதற்குள் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதாம். சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழாமல் சிக்கிக்கொள்கிறதாம். இப்போதெல்லாம் விசையை இழுத்தால் 'டிக்' என்ற சத்தத்தோடு சரியாம்.

அவன் இவ்வளவு பேசி அவள் கேட்டு மாதக்கணக்காகிறது. பால் விலை விழுந்து மாடுகள் ஏலத்தில் போனதிலிருந்து வீட்டில் அவன் வாயே திறப்பதில்லை. காலித் தொழுவத்தைக் கூட்டும்போதும் துப்பாக்கி மட்டும் இடுப்பை விட்டு இறங்குவதில்லை.

உள்ளே அடைந்திருந்த வைக்கோல் தூசியை ஓர்வில் ஊதிவிட்டார்.

“வேர்வையிலயே ஊறப் போட்டிருக்கியேடா. மார்லிஸையும் இப்பிடி வச்சிருந்தா எப்பவோ அவ அம்மா வீட்டுக்குப் போயிருப்பா.”

லைல் சிரிக்கவில்லை.

தோட்டாவின் பின்பக்கத்தைக் குத்தும் ஊசியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முனை உடைந்திருந்தது. எங்கே வைத்துச் சுடாமல் போனது என்று கேட்டார்.

தொழுவத்துக்குள் நரி வந்தது என்றான் லைல். நரி எவ்வளவு தூரத்தில் நின்றது என்று கேட்டதும் அவன் கை தாடைக்குப் போனது.

ஓர்வில் நிமிர்ந்தார். லைலைப் பார்க்கவில்லை, மார்லிஸைப் பார்த்தார்.

பாகங்களை ஒரு டப்பாவில் போட்டு மூடினார். இந்த மாடலுக்கு ஊசி லேசில் கிடைப்பதில்லை, ஆர்டர் போட்டு வரவழைக்க வேண்டும், குளிர்காலம்கூட ஆகலாம், அதுவரை இங்கேயே இருக்கட்டும் என்றார். சனிக்கிழமை ஏரிக்கு மீன் பிடிக்கப் போகிறாராம், லைலை வீட்டுக்கே வந்து கூட்டிப்போவாராம். கேட்கவில்லை, சொன்னார்.

லைல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வண்டிக்குப் போனான்.

டப்பாவை வைக்க ஓர்வில் இழுப்பறையைத் திறந்தார். அதில் அதே அளவில் புது ஊசிகள் ஒரு கைப்பிடி கிடந்தன.

மார்லிஸ் அவற்றைப் பார்த்தாள்.

சாப்பாடு எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போன அந்த மதியம் அங்கே நரி எதுவும் இல்லை. குழல் லைலின் தாடையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த 'டிக்'கை வாசலில் நின்று அவளும் கேட்டாள். லைலுக்கு அது தெரியாது. அவள் யாரிடமும் சொல்லவில்லை, ஓர்விலிடமும்தான்.

அவர் இழுப்பறையைப் பூட்டினார்.

“என் தம்பி வச்சிருந்தது நல்ல துப்பாக்கிம்மா,” என்றார். “அவன் கடைசி நாள் வரைக்கும் ஒரு தடவகூட மக்கர் பண்ணல.”