கண்டக்குழிக் கடலில் இருபத்திரண்டு

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு மீனவர் சங்கத் தலைவர் வின்சன்ட் கடற்கரை ஹோட்டலுக்குள் நுழைந்தபோது போட்டி உச்சத்தில் இருந்தது. கடற்படைக்கு எந்த ஆளில்லா விமானத்தை வாங்குவது என்று தீர்மானிக்கக் கொழும்பிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. கண்டக்குழிக் கடலில் எது கூடுதலான வள்ளங்களைக் கண்டுபிடிக்கிறது என்பதுதான் சோதனை.

“பதினாலு வள்ளம்!” என்று திரையிலிருந்த புள்ளிகளைக் காட்டினார் முதல் கம்பெனிக்காரர்.

இரண்டாம் கம்பெனிக்காரர் விடுவாரா? “எங்கட கமராவுக்கு இருபத்திரெண்டு தெரியுது!”

“சேர், ஒரு விசயம்...” என்று வின்சன்ட் வாயெடுத்தார்.

“கொஞ்சம் பொறுங்க. இது தொழில்நுட்பம்,” என்ற குழுவின் பெரிய அதிகாரி, மாலை போடாத குறையாக இரண்டாம் கம்பெனிக்காரரின் கையைக் குலுக்கினார். பிறகுதான் வின்சன்டின் பக்கம் திரும்பினார்.

“அறிக்கையில எழுத வேணும். இண்டைக்கு உங்கட ஆக்கள் எத்தினை வள்ளம் இறக்கினாங்க?”

“ஒண்டும் இல்ல சேர். ஞாயித்துக்கிழமையில நாங்க தொழிலுக்குப் போறேல்ல. பூசை முடிஞ்சு இப்பதான் வாறன். வள்ளம் எல்லாம் கரையில கிடக்கு.”

அதிகாரி மேசையில் ஓங்கி அடித்தார்.

“அப்ப இருபத்திரெண்டும் கள்ளக்கடத்தல் வள்ளம்! ஒரு விமானம் போதாது, பத்து எண்டு எழுதுங்க!”