தந்தை பெயர்

இவள் மறுபடியும் மேலிருந்து படித்தாள்.

பக்கத்து வீட்டுத் தோழி ஷோபனாவின் பயோடேட்டா. எண்பத்தாறு சதவீதம். இவளுடையது எழுபத்தொன்று.

ஒரு வருடம் ரத்த வங்கியில் வேலை. இவளுடையதில் அந்த இடத்தில் ‘முன் அனுபவம் இல்லை’.

மருத்துவமனை கேட்டிருப்பது ஒரே ஒரு லேப் டெக்னீசியன். ஐந்து மணிக்குள் மெயில் போக வேண்டும். பிரௌசிங் சென்டர் கடிகாரம் நாலரையைத் தாண்டியிருந்தது.

கட்டம் போட்ட இந்த வடிவம் இவள் இரண்டு நாள் உட்கார்ந்து செய்தது. ஷோபனா அதை வாங்கி, இவளுடைய விவரங்களை அழித்துவிட்டுத் தன்னுடையதை நிரப்பியிருந்தாள். ‘ஒரு தடவ பாத்துட்டு நீயே அனுப்பிருடி’ என்று வாட்ஸ்அப்பில் வந்திருந்தது.

பார்த்தாள்.

ஒரு கட்டத்தை மட்டும் ஷோபனா மாற்ற மறந்திருந்தாள்.

தந்தை பெயர்: சூ. அருளப்பன்.

அது இவளுடைய அப்பா.

ஷோபனாவின் அப்பா இசக்கிமுத்து. இறந்து நான்கு வருடம். சான்றிதழ்களில் எல்லாம் அந்தப் பெயர்தான்.

இப்படியே போனால் எதுவும் ஒத்துப்போகாது. எடுத்து ஓரமாக வைத்துவிடுவார்கள். இவள்மேல் யாரும் குறை சொல்ல முடியாது. தப்பு ஷோபனாவுடையது.

அம்புக்குறி ‘அனுப்பு’ மேல் நின்றது.

வாசலில், வண்டியில் சாய்ந்தபடி அப்பா போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“நீ வெயில்ல அலையாத, தாயி. இவா அனுப்பிருவா. ஒனக்குத்தான் கெடைக்கும், பாத்துக்கோ.”

தாயி.

இவளை அவர் கூப்பிடுவது வெறும் ‘ஏளா’.

ரத்த வங்கிக்கு ஷோபனாவை ஒரு வருடமும் அந்த வண்டியில் கொண்டுபோய் விட்டார். பிள்ளை தனியாகப் போகக் கூடாதாம். இவள் கல்லூரிக்கு பஸ்ஸில் போனாள்.

திரையில் ஷோபனாவின் புகைப்படம். சிரிக்கிறாள். அதற்கு நேர் கீழே அப்பாவின் பெயர்.

பொருத்தமாகத்தான் இருந்தது.

அம்புக்குறியை நகர்த்தினாள்.

அப்பாவின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். இனிஷியலையும்.

கட்டம் சற்று நேரம் காலியாகக் கிடந்தது.

இசக்கிமுத்து என்று அடித்தாள். பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, ‘லேட்’ என்று சேர்த்தாள்.

இப்போது ஷோபனாவின் பயோடேட்டாவில் ஒரு பிழையும் இல்லை.

அனுப்பினாள்.

“அனுப்பிட்டியாளா?” என்றார் அப்பா வாசலிலிருந்து. யாருடையதை என்று சொல்லவில்லை.

ஐந்து மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. தன்னுடையதைத் திறந்தாள்.

மதிப்பெண்ணைத் தொடவில்லை. அனுபவத்தைத் தொடவில்லை.

தந்தை பெயர் இருந்த வரியை மட்டும் தடித்த எழுத்தாக மாற்றினாள்.