யாராவது தடுத்தார்களா?

தான் வேலை பார்க்கும் அரசு மருத்துவமனையில் காலாவதியான ஊசி மருந்துகளுக்குப் புது லேபிள் ஒட்டுகிறார்கள் என்று அவள் புகார் எழுதி முடித்தபோது, கணவன் எதிரே வந்து உட்கார்ந்தான்.

“இதைக் கொடுக்காதேம்மா. ஊழல் தடுப்பு ஆபீஸையே காலி பண்ணிட்டாங்க. எல்லாரையும் மாத்தியாச்சு. மிச்சம் ஒரே ஒரு ஆபீசர்தான்.”

“ஒருத்தர் போதுமே.”

“உன் புகாரை எடுத்தா அவன் வேலையும் போயிடும்.”

“பயந்துக்கிட்டு எடுக்காம விட்டுடுவாரா?”

“விடமாட்டான், கிறுக்கன். அதுதான் என் கவலை. அவனுக்கும் குடும்பம் இருக்குல்ல?”

“அவர் பொண்டாட்டி கோவிச்சுக்க மாட்டா,” என்றபடி செருப்பை மாட்டினாள்.

மதியம் அந்த அலுவலகத்தின் காலி மேஜைகளைக் கடந்து போய், கடைசி மேஜையில் புகாரை வைத்தாள். ஆபீசர் ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு, புகார் தரும் எல்லாரிடமும் கேட்டாக வேண்டிய கேள்வியைக் கேட்டார்.

“கொடுக்கக் கூடாதுன்னு யாராவது உங்களைத் தடுத்தாங்களா?”

அவள் தயங்கினாள். “அதை விட்டுடலாமே சார்.”

“விட முடியாதும்மா. உண்மையைச் சொல்லுங்க.”

“என் வீட்டுக்காரர்.”

“என்ன வேலை பார்க்கிறார்?”

“இந்த ஆபீஸ்ல மிச்சமிருக்கிற ஒரே ஆபீசர்.”

அவர் தலை நிமிரவில்லை. தடுத்தவர் என்ற இடத்தில் தன் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதினார்.

“சாயங்காலம் வீட்டுக்கு வர லேட்டாகும்,” என்றார் மெதுவாக. “மருந்துக் கிடங்கைச் சோதனை போடணும்.”