பிஎச்பியா, பைத்தானா?

ரத்த தான இணையதளத்தில், ரத்தம் கேட்பவர்களுக்கு அவசரப் படிவம் ஒன்று. அவர்கள் நிரப்பி அனுப்புவதை சர்வரில் வாங்கிக்கொள்ளும் நிரலை எந்தக் கணினி மொழியில் எழுதுவது என்று மேலாளரும் புரோகிராமரும் மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். மேலாளர் மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்த அன்றும் விடவில்லை.

“பிஎச்பிக்கு வயசாயிடுச்சு சார்.”

“எனக்குந்தான் ஆயிடுச்சு. வேலை வாங்கலையா?”

ஒருவழியாகப் பைத்தான் என்று முடிவானது. “சரி, இனிமேலாவது எழுத ஆரம்பியப்பா” என்று மேலாளர் எழுந்தபோது மருமகன் போன் செய்தான்.

“மாமா, அவளுக்கு ரத்தம் நிறையப் போயிடுச்சு. பயப்படாதீங்க, காலையிலேயே உங்க தளத்துல கேட்டுட்டேன். ‘நன்றி, ஏற்பாடு செய்கிறோம்’னு வந்துச்சு. அதான் வேற எங்கேயும் அலையல. ஆள் கிளம்பியாச்சான்னு கேட்டுச் சொல்றீங்களா?”

மொழி முடிவாகும்வரை பார்வைக்கு இருக்கட்டுமே என்று, அனுப்புவதை எங்கும் சேர்க்காமல் அந்த நன்றியை மட்டும் காட்டும் படிவத்தைத் தளத்தில் ஏற்றச் சொன்னவர் மேலாளர்தான்.