எத்தனை பேருக்கு?

குளியலறைக் குழாயின் வாயை விரலால் தடவிப் பார்த்தாள் தண்ணீர் சோதிக்க வந்த பெண். கடினத் தண்ணீர் விட்டுப்போகும் வெள்ளைப் பொருக்கு எதுவும் விரலில் ஒட்டவில்லை.

"படுமோசமான தண்ணிம்மா," என்றார் அவள் பின்னால் நின்ற வீட்டுக்காரர். "என் பொண்டாட்டியைப் பாருங்க, எப்படி இருந்தவ. முடி கொத்துக் கொத்தாக் கொட்டுது. உடம்பெல்லாம் அரிப்பு. ஆளே பாதியாயிட்டா."

கதவருகே நின்ற மனைவி லேசாகச் சிரித்தாள். தலையில் கட்டியிருந்த துண்டை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கடினத் தண்ணீரை மென்மையாக்கும் மெஷினைப் பற்றி ஃபோனில் படித்துப் படித்து, எல்லா மாடலும் அவருக்கு அத்துப்படியாகியிருந்தது. மெஷின் வைக்க இடத்தை ஒழித்துவிடுகிறேன் என்று பின்கட்டுக்குப் போனார்.

அந்தப் பெண் சமையலறை மேடையில் சின்னக் கண்ணாடிக் குப்பியை வைத்தாள். தண்ணீரைப் பிடித்து மருந்தை விட்டாள்.

கடினத் தண்ணீர் என்றால் உடனே சிவந்துவிடும். இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட, அந்தச் சிவப்பு மாறி நீலமாகும். எத்தனை சொட்டு பிடிக்கிறது என்பதை வைத்துத்தான் கணக்கு.

இது சிவக்கவே இல்லை. எடுத்த எடுப்பிலேயே நீலம்.

குப்பியை நன்றாக அலசிவிட்டு, குளியலறைத் தண்ணீரையும் பிடித்துப் பார்த்தாள். அதுவும் நீலம்தான்.

அந்த வீட்டின் மூத்த மகள் உள்ளே வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள். அவளுடைய ஈரப் பின்னல் முதுகில் கனமாகத் தொங்கியது. அவளும் இதே தண்ணீரில்தானே குளிக்கிறாள் என்று தோன்றியது அந்தப் பெண்ணுக்கு.

"நீலம்னா நல்லதா, கெட்டதா?" என்று கேட்டாள் மனைவி.

"ரொம்ப நல்லதுக்கா. இப்படி ஒரு தண்ணி கிடைக்கறதே அபூர்வம். உங்களுக்கு மெஷினே வேண்டாம்."

இதைச் சொன்னால் யாரும் சந்தோஷப்படுவார்கள். அந்த அம்மாள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. குப்பியைத் தானே எடுத்து, நீலத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டினாள். தடம் தெரியாமல் போகும்வரை குழாயைத் திறந்துவிட்டாள்.

"அவர்கிட்ட இதைச் சொல்லிடாதீங்கம்மா. மெஷின் போடணும்னே சொல்லுங்க."

"எப்படிக்கா? தேவையே இல்லாம ஒண்ணை உங்க தலையில கட்ட என்னால…"

"கட்டிட்டுப் போங்க."

அதற்குள் அவர் கைத் தூசியைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்துவிட்டார். பரீட்சை முடிவைக் கேட்க வந்த பிள்ளை மாதிரி அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தார்.

"தண்ணிதானேம்மா? தண்ணிதானே காரணம்?"

அவள் அந்த அம்மாளைப் பார்த்தாள். பிறகு குப்பியைத் துடைத்தபடி, "ஆமா சார். கொஞ்சம் கடினம்தான்," என்றாள்.

"நான் சொல்லல?" அவர் குரல் உடைந்துவிட்டது. "டாக்டர், டெஸ்ட்னு இவ தனியா அலைஞ்சா. நானும் வர்றேன்னா விடலை. அடியே, தண்ணிதான்டின்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாளா?" கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு சிரித்தார். "சரி, எந்த சைஸ் போடலாம்?"

"அது ஆளைப் பொறுத்து சார். ஒரு ஆளுக்கு இவ்வளவு தண்ணின்னு கணக்கு இருக்கு."

"நாங்க ரெண்டு பேரு, பொண்ணுங்க ரெண்டு பேரு. பெரிசாவே போட்டுடுங்க. நான் ஓட்டக் கத்துக்கொடுக்கிற காருக்கே ரெண்டு பிரேக் இருக்கும்மா. எதுலயும் ஒண்ணு கூட இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு, இடத்தை அளக்க டேப்பை எடுத்துக்கொண்டு மறுபடியும் பின்கட்டுக்குப் போனார். போகும்போது மனைவியின் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டுக்கே அவள் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அவர் காலடிச் சத்தம் அடங்கியதும், அவள் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"மெஷினுக்கு அப்பப்ப உப்பு போடணும்னு சொன்னாரே, பெரிசுல நிறையப் போடணுமோ?"

"ஆமாக்கா. பெரிய மூட்டையைத் தூக்கிக் கொட்டணும். சின்னதுன்னா சுலபம்."

"மூணு பேருக்குன்னா சின்னதே போதும் இல்ல?"

"மூணு பேருன்னா தாராளமாப் போதும்." அந்தப் பெண் மருந்துப் பெட்டியை மூடினாள். "ஏன்க்கா, பெரிய பொண்ணு ஹாஸ்டலுக்குப் போறாளா?"

"இல்லம்மா," என்றாள் அவள். "ரெண்டு பேரும் அவர்கூடத்தான் இருப்பாங்க."

பின்கட்டில் எதையோ நகர்த்தும் சத்தம் கேட்டது. அதோடு சேர்ந்து அவர் விசிலடிப்பதும் கேட்டது.

அந்தப் பெண் மருந்துப் பெட்டியைக் கீழே வைத்தாள். அந்த அம்மாளின் கையைப் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது.

அவர் திரும்பி வந்தபோது, "உங்க வீட்டுக்குச் சின்னதே போதும் சார்," என்றாள்.

அவருக்கு ஏமாற்றமாகிவிட்டது. "நல்லாப் பார்த்துச் சொல்லுங்கம்மா. நாலு பேருக்கும் சரியா வருமா?"

"வரும் சார்," என்றாள் அவள், அவர் முகத்தைப் பார்க்காமல்.